சூட்டறையில் மூச்சு

அந்தச் சத்தத்தை வஸீலா முதன்முதலாகக் கேட்டபோது உள்ளே அவளைத் தவிர யாருமில்லை. குளிக்க வந்த பெண்கள் எல்லோரும் வெளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆரஞ்சுப்பழம் உரித்தபடி, யார் வீட்டு மருமகளையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று அறை தாண்டி, சூட்டறையில், வஸீலா குனிந்து கல்மேடையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

அது சாதாரண மூச்சாக இல்லை. தண்ணீருக்குள் குழலை வைத்து மெல்ல ஊதினால் குமிழி எழும்புமே, அந்த மாதிரி ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நீராவிதான் நின்றது. குவிமாடத்தின் கண்ணாடித் துளைகளிலிருந்து இறங்கிய வெளிச்சம் அதற்குள் கலங்கலாகத் தொங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சத்தம் இல்லை. சரி, பிரமை என்று மறுபடி குனிந்து தேய்க்கத் தொடங்கினாள். மறுபடியும் அது வந்தது, இந்த முறை பிடரிக்கு இன்னும் பக்கத்தில்.

வாளியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பிஸெர்த் நகரின் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், மீன்காரர்கள் தெருவில் இருக்கிற அந்த ஹம்மாமில், ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்தில், வஸீலா கல்யாணமான புதிதிலிருந்து வேலை பார்க்கிறாள். பெண்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுகிற வேலை. கொதிகலன் உறுமுவது, சுவர் வியர்த்துச் சொட்டுவது, கூரைமேல் புறாக்கள் நடப்பது என்று அந்தக் கட்டடத்தின் சத்தம் ஒவ்வொன்றும் அவளுக்கு அத்துப்படி. இது அவற்றில் சேராது.

வாசலில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உரிமையாளர் லல்லா பெய்யா அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"என்னடி, அவங்களைப் பாத்துட்டியா?"

'அவங்க' யாரென்று கேட்க வேண்டியதில்லை. வெந்நீரும் இருட்டும் இருக்கிற இடத்தில் ஜின்கள் இருக்கும் என்பது பிஸெர்த்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"பாக்கல லல்லா. மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு."

"பிஸ்மில்லா சொல்லாம கொதிக்கிற தண்ணியக் கொட்டியிருப்பே. குழந்தை குட்டியோட உக்காந்திருப்பாங்க, தலையில கொட்டினா சும்மா விடுவாங்களா? நாளைக்கு சாம்பிராணி போட்டுடலாம், விடு."

மறுநாள் சாம்பிராணி போட்டார்கள். மூலைக்கு மூலை உப்பும் தூவினார்கள். சத்தம் போகவில்லை. ஆள் இருக்கும்போது கேட்காது. பேச்சும் வாளிச் சத்தமும் அதை விழுங்கிவிடும். எல்லோரும் போன பிறகு, அவள் குனிந்தால் போதும், வந்துவிடும்.

பெய்யாவிடம் அவள் சொல்லாத ஒன்று உண்டு. அது ஜின் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்த மூச்சை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அது செத்துப்போன ஷாத்லியாவின் மூச்சு.

ஷாத்லியாவோடு பழக்கமானது தலைநகர் துனிஸுக்குப் போகிற வாடகை வேனில். ஆறு வருஷத்துக்கு முந்தைய குளிர்காலம். விடிந்தும் விடியாமலும், தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வஸீலா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பருத்த பெண்மணியும் அதே மாதிரி கட்டியிருந்தாள். முக்காட்டுக்குக் கீழே இருவருக்குமே புருவம் இல்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஏதோ மீன் விலை கேட்பதுபோலக் கேட்டாள்.

"புத்துநோய் ஆஸ்பத்திரிக்குத்தானே? எந்தப் பக்கம்?"

"இடது," என்றாள் வஸீலா, வாய் குழறி.

"எனக்கு வலது. போகட்டும், நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சா ஒரு முழுப் பொம்பளை தேறுவா."

வேன் முழுக்க அமைதியாகிவிட்டது. டிரைவர் வானொலியைக் கூட்டி வைத்தான். வஸீலாவுக்கு அந்த வியாதி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்தாள், கண்ணில் நீர் முட்டும்வரை.

அதற்குப் பிறகு மருந்து ஏற்றுகிற நாளெல்லாம் சேர்ந்தே போனார்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். குழாயில் இறங்கிய மருந்து சிவப்பாக இருக்கும். மாதுளைச் சாறு என்று ஷாத்லியா அதற்குப் பேர் வைத்தாள். "தங்கச்சி, எனக்கு இன்னொரு கிளாஸ், சர்க்கரை கம்மியா," என்று நர்ஸிடம் வம்பிழுப்பாள். வீட்டுக்குப் போனால் சிறுநீரும் சிவப்பாகப் போகும். வாயெல்லாம் புண்ணாகும். இருவருக்கும் அது முடிந்தது. முடி முளைத்தது. குணமாகிவிட்டது, போய் நன்றாக இருங்கள் என்று துனிஸில் சொல்லி அனுப்பினார்கள். வஸீலா சூட்டறைக்குத் திரும்பினாள். ஒரு பக்கம் தட்டையாகிப்போன மார்பைப் பார்த்துப் பெண்கள் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஷாத்லியா வீட்டில், பலகாரம் மடிக்கிற மெல்லிய மாவுத்தாள் சுட்டு விற்கிற பழைய வேலைக்குத் திரும்பினாள்.

நாலு வருஷம் நன்றாகத்தான் இருந்தார்கள். பிறகு ஷாத்லியாவின் ஒரே மகள் எம்னாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, ஷாத்லியாவின் அண்ணன் அம்மாரின் மகன் நௌஃபல். ராஸ் ஜெபெலில் உருளைக்கிழங்குத் தோட்டமும் டிராக்டரும் வைத்திருக்கிற குடும்பம். ஊரெல்லாம் அழைத்தாகிவிட்டது. மணப்பெண்ணை ஹம்மாமுக்குக் கூட்டிவந்து குளிப்பாட்டும் சடங்கும் முடிந்தது. வஸீலாதான் அவளுக்குத் தேய்த்துவிட்டாள். பெண்கள் குலவை போட்டபோது எம்னா கல்மேடையில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அடுத்த நாள் எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே, மொட்டைமாடியில் துணி காயப்போடப் போன ஷாத்லியா கொடிக்குக் கீழே விழுந்து கிடந்தாள். தூக்கப் போனபோது உயிர் இல்லை.

துக்க வீட்டில் அம்மார் எல்லோர் முன்னாலும் தங்கை மகள் எம்னாவை நோக்கிக் கையை நீட்டினார்: "புத்துநோயே கொல்ல முடியாதவளை நீ கொன்னுட்டே." யாரும் மறுத்துப் பேசவில்லை. வஸீலாவும் பேசவில்லை. அவளும் அதைத்தான் நம்பினாள். கடைசி நாட்களில் ஷாத்லியாவைப் பார்க்கப் போனபோது, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, அந்தக் கொழகொழத்த மூச்சைத்தான் அவள் விட்டுக்கொண்டிருந்தாள். மனசு உடைந்தால் மூச்சு அப்படித்தான் வரும் என்று வஸீலா நினைத்தாள். துக்கம் முடிந்து ஒரு வருஷம் கழித்து, எம்னா அதே நௌஃபலைக் கட்டிக்கொண்டாள். பாட்டில்லை, விருந்தில்லை. அம்மாவின் ஆத்மாவுக்குப் பிராயச்சித்தம் என்று ஊர் சொன்னது. நல்ல பெண், கடைசியில் புத்தி வந்தது என்றும் சொன்னது.

இப்போது அந்த மூச்சு சூட்டறையில் வஸீலாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிறது.

எதைக் கேட்க வந்திருக்கிறாள் என்று வஸீலாவுக்குப் புரியவில்லை. ஒரு நாள் துணிந்து, குனிந்தபடியே கேட்டாள். "ஷாத்லியா, என்னடி வேணும் உனக்கு?" குரல் குவிமாடத்தில் முட்டித் திரும்பி வந்தது. கூடவே அந்த ஈர மூச்சும்.

உடம்பும் சரியாக இல்லை. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு ஏறுகிற சரிவில் இரண்டு தரம் நிற்க வேண்டியிருந்தது. மாலையானால் செருப்பின் வார் காலில் பதிந்து பள்ளம் விழுந்தது. வயசாகுது, நீராவியில் இத்தனை வருஷம் வெந்தாச்சு, வேறென்ன என்று விட்டுவிட்டாள். பயம் வேறு தூக்கத்தைத் தின்றது.

கணவன் ஹெதி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். எதையும் லேசில் நம்பமாட்டான். அவள் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தாங்காமல் அவனிடம் கொட்டிவிட்டாள்.

"ஷாத்லியா என்னை விட மாட்டேங்கறா, ஹெதி. இப்ப வீட்டுக்கும் வந்துட்டா. படுத்தா கேக்குது."

"படுத்தா எனக்கும்தான் கேக்குது."

"உனக்குமா?"

"ஒரு மாசமா கேக்குது. டீக் கெட்டில் மாதிரி. நீ குறட்டை விடற, சொன்னா சண்டைக்கு வருவேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்."

"நான் முழிச்சிட்டிருக்கும்போதும் கேக்குதே."

ஹெதியின் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. "இப்படிப் படு," என்றான். அவள் சோபாவில் ஒருக்களித்துப் படுத்தாள். அவன் பின்னால் மண்டியிட்டு, அவள் முதுகில், இடது பக்கத்தில் காதை வைத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் அவனை அண்டவிட்டதே இல்லை. விளக்கை அணைத்தாலும் அந்தத் தோளைச் சுவர்ப் பக்கம் வைத்துத்தான் படுப்பாள். இப்போது அவனுடைய நரைத்த மீசை சட்டை வழியாகக் குத்தியது. அவள் அசையவில்லை.

வெகுநேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "மூச்சை நிறுத்து." நிறுத்தினாள். "இப்ப விடு." விட்டாள்.

"ஷாத்லியா இல்லடி," என்றான் அவன். "நீதான். உள்ள ஏதோ கொதிக்குது."

ஊர் ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் ஓர் இளம்பெண். மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை அழுத்தி, திரையைத் திருப்பிக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒன்று சோம்பலாக விரிந்து, பாதி சுருங்கி, மறுபடி விரிந்தது. அலையில் கிடக்கிற ஜெல்லி மீன் மாதிரி இருந்தது.

"அதுவா என் இதயம்?"

"ஆமாம்மா. பெருசாகித் தளர்ந்து போயிருக்கு. சுருங்க வேண்டிய அளவுல பாதிகூடச் சுருங்கல. ரத்தத்தை முன்னால தள்ள முடியாம தண்ணி நுரையீரல்ல தேங்குது. குனிஞ்சா, படுத்தா சத்தம் கேக்கறது அதனாலதான்." தழும்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுக்கு என்ன மருந்து ஏத்தினாங்க? சிவப்பா இருந்துச்சா?"

"மாதுளைச் சாறு மாதிரி."

டாக்டர் தலையை ஆட்டினாள். "அந்த மருந்து சில பேருக்கு இதயத் தசையை அரிச்சிடும். உடனே தெரியாது. சில வருஷம் கழிச்சு மெதுவா வெளிய வரும். இடது பக்கம் கதிர்வீச்சு வேற குடுத்திருக்காங்க. நடுவுல யாராவது இதயத்தை ஸ்கேன் பண்ணினாங்களா?"

"குணமாயிடுச்சு, போங்கன்னு சொன்னாங்க."

"குணமாகத்தான் ஆச்சு. அந்த மருந்து இல்லேன்னா நீங்க இன்னிக்கு எங்கிட்ட வந்திருக்கவே மாட்டீங்க. காப்பாத்தினதும் அதுதான், இதைப் பண்ணினதும் அதுதான்."

மாத்திரைகள் எழுதிக்கொடுத்தாள். உப்பைக் குறைக்கச் சொன்னாள். இனிமேல் சூட்டறைப் பக்கமே போகக் கூடாது என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெம்பு திரும்ப வாய்ப்பு இருக்கிறதாம், உறுதி சொல்ல முடியாதாம். வஸீலா எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, எனக்கு ஒரு சிநேகிதி. அதே நாற்காலி, அதே மருந்து. நாலு வருஷம் கழிச்சு மூச்சு வாங்குச்சு, தலைகாணி அடுக்கிப் படுத்தா. மாடிக்குத் துணி காயப்போடப் போனவ விழுந்து செத்துட்டா. மனசு உடைஞ்சு செத்தான்னு சொன்னாங்க."

டாக்டர் பேனாவை மூடினாள். "நான் பாக்காதவங்களைப் பத்திச் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா, முதல்ல அவங்க இதயத்தைத்தான் நான் சோதிச்சிருப்பேன்."

தண்ணீரை இறக்குகிற மாத்திரை சாப்பிடத் தொடங்கிய வாரத்திலேயே சத்தம் நின்றுவிட்டது. ஹெதி தினமும் காதை வைத்துப் பார்த்து, "கிரேன் சரியாயிடுச்சு," என்பான். உப்பில்லாத கூஸ்கூஸைச் சாப்பிட்டுவிட்டு, "ஆஸ்பத்திரிச் சுவரை நக்கற மாதிரி இருக்கு," என்று முணுமுணுத்தாலும் தட்டைக் காலி செய்வான்.

சத்தம்தான் நின்றது. ஷாத்லியா போகவில்லை. முன்பு முதுகுக்குப் பின்னால் நின்றவள் இப்போது முன்னால் வந்துவிட்டாள். மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் வஸீலாவின் கண்ணில் அந்தக் கொடியும் ஈரத் துணியும் வந்தன. இந்த மாத்திரை அவளுக்குக் கிடைத்திருந்தால்? அதைவிட அதிகமாக வந்தது எம்னாவின் முகம், கல்மேடையில் கண்ணை மூடிக் கிடந்த அந்த முகம்.

"நான் ராஸ் ஜெபெலுக்குப் போயிட்டு வரேன்," என்றாள் ஒரு காலையில்.

"எதுக்கு? அவளுக்குக் கல்யாணம் ஆகி, குடும்பம்னு ஒண்ணு அமைஞ்சிருக்கு. போய்க் கிளறாதே."

"எதுக்காக ஆச்சு அந்தக் கல்யாணம், ஹெதி?"

அவன் எழுந்து போய் அவளுடைய கோட்டை எடுத்து வந்தான்.

அம்மாரின் வீட்டு முற்றத்தில் விதைக்கிழங்கு மூட்டைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எம்னா அம்மாவின் பழைய சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். "வாங்க காலம்மா," என்று சித்தி முறை சொல்லிக் கன்னத்தில் முத்தம் வைத்தாள், உதடு படாமல். பைன் கொட்டை மிதக்கும் தேநீர் கொண்டுவந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். பேச்சில் கேள்வியே இல்லை, கேட்டதற்குப் பதில் மட்டும் வந்தது.

சுற்றி வளைக்க வஸீலாவுக்குத் தெரியாது. தன் வியாதியைச் சொன்னாள். திரையில் பார்த்ததைச் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னாளோ அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "உங்கம்மா துக்கத்துல சாகலடி மகளே. அவளுக்கும் இதேதான்னு நான் நினைக்கிறேன்."

எம்னா கோப்பையைத் தட்டில் வைத்தாள். "டாக்டர் உறுதியா சொன்னாங்களா?"

"இல்ல. பாக்காதவங்களைப் பத்திச் சொல்ல முடியாதுன்னாங்க."

"அப்ப உங்க நினைப்புத்தான்."

"ஆமா."

வெளியே கோழி ஒன்று கொக்கரித்தது. எம்னா வஸீலாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கால் வீங்குச்சா?"

"வீங்குச்சு. செருப்பு வார் பதிஞ்சு பள்ளம் விழுந்துச்சு."

"அம்மாவுக்கும்." எம்னாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "கல்யாணத்துக்குப் போட்டுக்க செருப்பு வாங்கினோம். பழைய அளவு நுழையல. ரெண்டு அளவு பெருசா வாங்கினோம். மாமியார் ஆகப்போற பூரிப்பு காலுக்கு வந்திடுச்சுன்னு கடைக்காரன்கூடச் சிரிச்சான். அம்மாவும் சிரிச்சாங்க." நிறுத்தினாள். "அது வெயில் காலம், காலம்மா. நான் வேண்டாம்னு சொன்னது மழை தொடங்கின பிறகு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எம்னா எழுந்து வாசல் பக்கம் திரும்பி, அந்த வீட்டில் அவள் குரல் அத்தனை உயர்ந்து யாரும் கேட்டிராத மாதிரி கூப்பிட்டாள். "மாமா! இங்க வாங்க."

அம்மார் கையில் மண்ணோடு வந்தார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்த முகம். வஸீலா மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் நின்றபடியே கேட்டார்.

"செத்து ரெண்டு வருஷம் ஆனவளுக்கு இப்ப வைத்தியமா?" என்றார் கடைசியில். "மனுஷன் சாவு அல்லா எழுதி வச்சது. எந்த வழியா வந்தா என்ன?"

"அல்லா எழுதினதுன்னா என் பேரை ஏன் மாமா அதுல எழுதினீங்க?"

"நான் தங்கச்சியப் பறிகொடுத்தவன்! அன்னிக்கு வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

"வாயில வந்ததைச் சொல்லிட்டு நீங்க போயிட்டீங்க," என்றாள் எம்னா. "அதுக்குள்ளதான் நான் குடியிருக்கேன்."

அம்மார் விதைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். ஷாத்லியாவுக்கும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் மூட்டைமேல் உட்கார்கிற பழக்கம் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வஸீலா கதவருகே நின்ற நௌஃபலைக் கண்டாள். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. மென்மையான, கொஞ்சம் திக்கிப் பேசுகிற பையன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். தன் மனைவி தன்னை எதற்காகக் கட்டிக்கொண்டாள் என்பதும், அந்தக் காரணம் இப்போது இல்லாமல் போய்விட்டது என்பதும் அந்த ஒரு நிமிஷத்தில் அவன் முகத்தில் தெரிந்தது. அவன் திரும்பித் தோட்டத்துப் பக்கம் நடந்தான். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.

வரும் வழியெல்லாம் வஸீலா நௌஃபலைத்தான் நினைத்தாள். இத்தனை நாள் யோசித்ததில் அவனை ஒரு தரம்கூட நினைக்கவில்லையே என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

எம்னா உடனே பிஸெர்த்துக்குத் திரும்பவில்லை. குளிர் முடிந்து பாதாம் மரங்கள் பூத்த பிறகுதான் வந்தாள். நௌஃபலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வேனில் ஏற்றி, டிரைவரிடம் பார்த்து இறக்கிவிடச் சொல்லிவிட்டுப் போனானாம். பூட்டிக் கிடந்த அம்மாவின் வீட்டைத் திறந்து அவள் தனியாகக் குடியேறினாள். விவாகரத்துக்கு இரண்டு பேருமே கையெழுத்துப் போட்டார்கள்.

மீன்காரர்கள் தெரு சும்மா இருக்குமா? வஸீலா இப்போது ஹம்மாம் வாசலில் உட்கார்ந்து துண்டு எடுத்துக்கொடுக்கிற வேலைதான் பார்த்தாள். வருகிறவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நல்லா இருந்த வீட்டைக் கலைச்சிட்டியேடி," என்றாள் லல்லா பெய்யா, வாய்விட்டே. "செத்தவ வந்து கேட்டாளா உன்னை?"

"கேட்டா லல்லா."

"என்ன கேட்டா?"

"அதுதான் தெரியல."

அது பொய்யில்லை. ஷாத்லியா மகளைக் காப்பாற்றச் சொன்னாளா, நௌஃபலை விட்டுவிடச் சொன்னாளா, வெறுமனே மூச்சு முட்டுகிறது என்று மட்டும்தான் சொன்னாளா? சில மத்தியானங்களில் உள்ளே வாளிகளின் சத்தம் ஓய்ந்தபின், புதிதாக வேலைக்கு வந்தவள் கல்மேடையைத் தேய்க்கும் சத்தம் வாசல்வரை வரும். வஸீலா கையில் இருக்கிற துண்டை மடிக்காமல், தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். தன்னுடையது நின்ற பிறகும் ஏதாவது மிச்சம் கேட்கிறதா என்று.

ஒரு வெள்ளிக்கிழமை எம்னா வாசலில் வந்து நின்றாள். "கபருக்குப் போகணும் காலம்மா. அடக்கம் பண்ணின பிறகு நான் ஒரு தடவைகூடப் போகல. தனியாப் போக முடியல."

மையவாடி கடலைப் பார்த்த சரிவில் இருக்கிறது. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவே இருவரும் மெல்ல ஏறினார்கள். வஸீலா நின்ற இடத்திலெல்லாம் எம்னாவும் நின்றாள். ஷாத்லியாவின் கல்லில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கிற குழி இலைச்சருகால் அடைந்து கிடந்தது. எம்னா அதை விரலால் தோண்டிச் சுத்தம் செய்தாள், பாட்டில் தண்ணீரை ஊற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று வஸீலா எதிர்பார்த்தாள். எம்னா திட்டத் தொடங்கினாள்.

"ஏம்மா சொல்லல? மாடி ஏற முடியலன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொன்னா என்னா? ஊருக்கெல்லாம் ஜோக் சொல்லத் தெரியும், இதைச் சொல்லத் தெரியாதா? துணி காயலன்னா யாரு செத்தா? நான் வந்து போட்டிருக்க மாட்டேனா?" கல்லை உள்ளங்கையால் தட்டினாள். "ரெண்டு வருஷம்மா. ரெண்டு வருஷம் என்னைக் குத்தவாளியா உக்கார வச்சிட்டியே."

காற்று அவள் குரலைப் பிய்த்துக் கடல் பக்கம் கொண்டுபோனது. சற்றுத் தள்ளிக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த கிழவர் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டு, மறுபடி ஓதினார். வஸீலா வேறொரு கல்லின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். ஷாத்லியா இருந்தால் இதற்கு என்ன பதில் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அந்தச் சிரிப்பின் முகம்கூடச் சரியாக ஞாபகம் வரவில்லை. வேனில் பார்த்த, புருவமில்லாத நெற்றி மட்டும் வந்தது.

வெயில் சாய்ந்தபோது எம்னா எழுந்து பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். முகம் கழுவினமாதிரி இருந்தது.

"அடுத்து எப்ப டாக்டர்கிட்ட போறீங்க?"

"வியாழக்கிழமை. ஹெதி கூட வருவான்."

"அவர் வரட்டும். நானும் வரேன்."

"எதுக்குடி உனக்கு வேலை கெட்டு?"

"வரேன்னு சொன்னேன்ல."

சரிவில் இறங்கும்போது எம்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதை கரடுமுரடு, அதற்காகத்தான் என்று வஸீலா முதலில் நினைத்தாள். சமதரைக்கு வந்த பிறகும் அந்தப் பெண் விடவில்லை. விரல்கள் மணிக்கட்டின் உள்பக்கம் மெல்ல நகர்ந்து, நாடி துடிக்கிற இடத்தில் அழுத்தி நின்றன. எம்னா நேராக முன்னால் பார்த்தபடி, உதடு அசையாமல் எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள். வஸீலா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருவரும் அப்படியே துறைமுகம்வரை நடந்தார்கள்.